‘கொடு’ என்றொரு அடி

ஹம்சவேணி ரொம்ப அமைதியான பெண் என்று மதுரை கோச்சடையில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமைதியாம்! என் பிரவுசிங் சென்டரில் எட்டு மாதம் அவள் மத்தியானச் சாப்பாட்டு வேளையை எப்படிக் கழித்தாள் என்று கூடவே இருந்து பார்த்தவன் நான்.

அவளுக்கு அடுத்த தெருவில் ஒரு சேலை டிசைன் கடையில் வேலை. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி பார்டர் வரைய வேண்டும். அன்னம், மயில், மாங்காய் என்று பதினோரு வருடமாக வரைகிறாள். கல்யாண வீட்டில் தான் போட்ட பார்டர் எதிரே நடந்து வந்தால், “இது நான் வரைஞ்சது” என்று சொல்ல வாய் துறுதுறுக்குமாம். சொன்னால் எவர் நம்புவார்? சேலையில் கடை பேர் இருக்கும், அவள் பேர் எங்கேயும் இருக்காது. “செத்தாக்கூட ஒரு மூலையில எம்பேரு இருக்காதுண்ணே” என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

இது 2005-இல். அப்போது என் சென்டரில் இரண்டு விளையாட்டுகள் ஓடின. ஒன்று, தீவு தீவாகப் போய்த் தபால் கொடுக்கும் ஒரு குண்டுத் தபால்காரரின் கதை. அவர் ஓர் ஈயைக்கூட அடிக்கமாட்டார். எடு, கொடு, திற, இழு என்று நாலே வேலைதான் அவருக்கு. ஹம்சவேணிக்கு அந்த மனுஷன் மேல் அப்படியொரு பாசம். இன்னொன்று இலவசமாகக் கிடைத்த சண்டை விளையாட்டு. அதில் ஆளை நாமே வரைந்து, அவன் எப்படியெல்லாம் அடிப்பான் என்று எழுதி உள்ளே இறக்கிவிடலாம்.

“அண்ணே, எங்க தபால்காரர நான் இதுல எறக்கப் போறேன்” என்றாள்.

“ஏம்மா, அந்தாளுக்குச் சண்டையே தெரியாதேம்மா!”

“தெரிஞ்சத வச்சுத்தான் அடிப்பாரு.”

அதுதான் அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அந்தக் கதையில் செய்யாத எதையும் இங்கேயும் அவர் செய்யக் கூடாது. குத்து கிடையாது, உதை கிடையாது. ‘திற’ என்றால் எதிராளியின் மூக்குக்கு நேரே குடையை விரிப்பார். ‘இழு’ என்றால் எதிராளியின் காலடியில் கிடக்கும் சாக்கை உருவுவார். ‘எடு’ என்றால் எதிராளியின் ஆயுதத்தைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். ‘கொடு’ இருக்கிறதே, அதில்தான் அவளுடைய குசும்பு அம்புட்டும் இருந்தது. பணிவாக ஒரு பார்சலை நீட்டுவார். எதிராளி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மரியாதையாக நிற்பான். கை காலியில்லாத அந்த இரண்டு நொடியில் அவனைச் சாய்த்துவிடலாம். இதையெல்லாம் வலது கையில் தக்காளிச் சாதமும் இடது கையில் கீபோர்டுமாக அவள் பழகிப் பார்த்தாள். கீபோர்டில் சோறு விழுந்ததற்கு நான் கத்தியது தனிக்கதை.

அந்தச் சண்டை விளையாட்டை சி.டி. போட்டு மதுரையில் எனக்குத் தெரிந்த பத்து சென்டருக்குக் கொடுக்க நினைத்தேன். பதினாறு ஆட்கள், ஒவ்வொருவருக்கும் கீழே வரைந்தவர் பேர். பதினைந்து பேர் சேர்ந்தாயிற்று. மிச்சமிருந்த ஒரு இடத்துக்கு ஹம்சவேணிக்குப் போட்டியாக அலங்காநல்லூரில் செல்போன் கடை வைத்திருக்கும் மருதுவும் வந்து நின்றான். அவன் வரைந்து கொண்டு வந்தது ஒரு காளை. சும்மா சொல்லக் கூடாது, திமிலும் கொம்பும் அப்படியிருந்தது.

“சனிக்கிழமை மோதுங்க. ஜெயிக்கிற ஆளு சி.டி.க்குள்ள” என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டேன்.

ஹம்சவேணி உடனே தபால்காரரைக் காளைக்கு எதிரே நிறுத்தி ‘கொடு’ அமுக்கினாள். பார்சல் தொப்பென்று கீழே விழுந்தது. காளைக்கு ஏது கை? அவள் முகம் செத்துவிட்டது.

மருது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மனுசனா இருந்தா மட்டும் என்னக்கா? சண்டை நடக்கயில எவனாச்சும் ரெண்டு கையையும் நீட்டி வாங்குவானா? அவன் என்ன கேனயனா?”

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சென்டர் நிறைய ஆள். ஒரே கீபோர்டில் இடதுபக்கம் அவள், வலதுபக்கம் அவன். முதல் ஆட்டம் காளை முட்டித் தூக்கியது. இரண்டாவது ஆட்டத்தில் குடையைக் கண்டு காளை மிரள, தபால்காரர் சாக்கை உருவி ஜெயித்தார். மூன்றாவதில் இரண்டு பேருக்கும் உயிர் ஒரு நூல்தான் பாக்கி. இன்னும் ஒரு அடி பட்டால் யாராயிருந்தாலும் காலி. எட்டு மாதம் சோறு தின்கிற நேரத்தையெல்லாம் கொட்டியிருக்கிறாளே, தோற்றால் தாங்குவாளா என்று எனக்கே பதறியது.

அப்போது ஹம்சவேணி மடியிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்து, வலது கையால் மருதுவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“தம்பி, காலையில அழகர்கோயிலுக்குப் போயிருந்தேன். தோசைப் பிரசாதம். இந்தா.”

மருது அந்தக் கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பு பேரைக் கேட்டாலே செருப்பைக் கழற்றுகிறவன். கீபோர்டிலிருந்து இரண்டு கையும் தானாக எழுந்து வந்தன. வாங்கினான், கண்ணை மூடிக்கொண்டு நெற்றிக்கு உயர்த்தி ஒற்றிக்கொண்டான். திரையில் காளை சும்மா நின்றது. ஹம்சவேணியின் இடதுகை விரல் ஒரேயொரு பொத்தானை அமுக்கியது. தபால்காரர் சாக்கை இழுத்தார். காளை மல்லாந்தது.

சென்டரே கூரை பிய்யக் கத்தியது. “போங்கு! அண்ணே, இது போங்குண்ணே!” என்று மருது குதித்தான்.

“கைய எடுக்கச் சொல்லி யாருடா மாப்ள ஒன்னையப் புடிச்சு இழுத்தது?” என்றேன். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பதினாறாவது இடத்தில், தபால்காரரின் காலடியில், ‘கோச்சடை ஹம்சவேணி’ என்று அவள் கண் முன்னாலேயே அடித்தேன். எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டு மருதுவின் பக்கம் திரும்பினாள்.

“காளைக்குத்தான தம்பி கை இல்ல” என்றாள். “ஒனக்கு இருக்குல்ல?”

மருது தன் இரண்டு கையையும் பார்த்தான். தோசை இன்னும் அதில்தான் இருந்தது.