ஏரிக்கரையில நிக்கற ஆளு

எங்கண்ணன் வீடு மாத்தற வண்டியில லோடுமேன். அடையார்ல ஒரு பிளாட்ட காலி பண்ணப்ப, அந்த வீட்டம்மா வேணாம்னு ஒதுக்கி வெச்ச படத்த கேட்டு வாங்கினு வந்தான். கையால வரஞ்ச படம். பெரிய ஏரி, பின்னாடி மலை, சுத்தி காடு. கரையில ஒரே ஒரு ஆளு, நமக்கு முதுக காட்டிக்கினு நிக்கறான். சைதாப்பேட்டையில எங்க ஒத்த ரூம்ல டிவிக்கு மேல அத மாட்டிட்டு, "யாருன்னு தெரிதா? நாந்தான். லீவு போட்டுட்டு வந்துகீறேன்"னான். அவனுக்கு ஏது லீவு.

காய்ச்சல்ல போய்ட்டான். காரியத்துக்கு வெக்க ஒரு போட்டோ இல்ல. போன தூக்கனாலே மூஞ்ச திருப்பிக்குவான். கூட்டாளி கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு கெடச்சிது. அத எடுத்துக்கினு பிரேம் கடைக்கு கெளம்பறேன், அம்மா ஏரிப் படத்தையும் கழட்டி கையில குடுக்குது.

"இவன திருப்பச் சொல்லுடி."

"யார?"

"என் புள்ளையத்தான். இப்பதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றாங்களே. மூஞ்சி தெரியறாப்புல திருப்பித் தரச் சொல்லு."

டி.நகர் கடையில நாள் பூரா பொடவ மடிச்சிட்டு வந்த கை. வாங்கிக்கினேன்.

கடைக்காரரு சிரிக்கல. "செத்தவங்களுக்கு கோட்டு போட்டுத் தருவேன், மலையில நிக்க வெப்பேன். திருப்பறது மட்டும் முடியாதும்மா. ஒண்ணு பண்றேன். இந்த ஆள எடுத்துட்டு அங்க உங்கண்ணன நிக்க வெக்கறேன்"னாரு. படத்த போன்ல புடிச்சி கம்ப்யூட்டர்ல ஏத்தி, மவுச வெச்சி தேச்சாரு. கால் போச்சி, முதுகு போச்சி, தல போச்சி. கரை மட்டும் காலியா கெடந்துச்சி.

ஆஸ்பத்திரில கூட நான் அப்டி அழுவல. "திரும்ப வெச்சிருங்க, வெச்சிருங்க"ன்னு கத்தறேன். பக்கத்து டீக்கடையில நின்னவங்க எட்டிப் பாக்கறாங்க. "தோ வந்துட்டாரு பாரும்மா, வந்துட்டாரு"ன்னு அவரு ஒரு பட்டன தட்டி அந்த ஆள கொண்ணாந்தாரு.

கல்யாண போட்டோவுக்கே பின்னாடி வெறும் நீலக் கலரு போட்டு பிரேம் பண்ணச் சொன்னேன். தோள் மேல கூட்டாளி கை கீது, எடுத்துரவான்னு கேட்டாரு. இன்னும் இன்னாத்தத்தான் எடுக்கறது. இருக்கட்டும்னுட்டேன்.

வீட்ல அம்மா ஏரிப் படத்தத்தான் மொதல்ல பாத்துது.

"திருப்பலியா?"

"முடியாதாம்மா."

"கூப்ட்டா காதுல வாங்க மாட்டான், கழுத"ன்னுச்சி. அப்பால போட்டோவ மடியில வெச்சிக்கினு, சந்தனம் கொழச்சி, கண்ணாடி மேல அவன் நெத்தியில பொட்டு வெச்சிது. செத்தவங்க போட்டோவுக்குத்தான் எங்க வீட்ல பொட்டு. வெரல்ல மிச்சம் இருந்த சந்தனத்தோட ஏரிப் படத்துகிட்ட போச்சி.

"அதுக்கு வேணாம்மா"ன்னேன்.

கரையில நிக்கறவன ஒரு தடவ பாத்துது. அப்பால வெரல பொடவையில தொடச்சிக்கினு, "மாட்டு"ன்னுச்சி.