இரண்டும் மூன்றில் பாதியும்

அந்த வருஷங்களில் நான் திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியோரமாக இருந்த ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை செய்தேன். சண்டைக்குப் பயந்து மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த சனங்கள் நகரத்துக்கு வெளியே ஆறு முகாம்களில் இருந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை அவர்களுக்கு அரிசியும் பருப்பும் மாவும் போகும். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை பங்கு என்று கணக்கிட்டுப் பட்டியல் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

பெரியவர் ஒருவருக்கு ஒரு பங்கு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரைப் பங்கு. முகாமில் பட்டியல் எழுதுகிறவர்கள் விடையை எழுதமாட்டார்கள், கணக்கையே எழுதி அனுப்பிவிடுவார்கள். நான்கு பெரியவர்களும் மூன்று சிறுபிள்ளைகளும் என்றால் 4+3/2. பெரியவர்களில் ஒருவர் வேறிடம் போயிருந்தால் 4-1+3/2. புதிதாக இரண்டு பேர் வந்து சேர்ந்திருந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு +2. திங்கட்கிழமை காலையில் இப்படி அறுநூறு வரிகள் என் மேசைக்கு வரும். ஒவ்வொரு வரியிலும் முதலில் பிள்ளைகளைப் பாதியாக்கிக் கடதாசியில் குறித்துக்கொண்டு, பிறகு கல்குலேட்டரில் பெரியவர்களோடு கூட்டுவேன். புதன்கிழமை மத்தியானம்வரை இதே வேலைதான். கழுத்து இறுகிப்போகும். சாயந்தரம் சென்ரிச் சோதனையில் பையைத் திறந்து காட்டும்போது ஆமிக்காரன் என்ன கேட்கிறான் என்பதே சில நாட்களில் எனக்கு ஏறாது.

அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. கடிதம் அடிக்க மட்டுமே பாவித்தோம். நான் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போனவள், அங்கே எழுதிய கொப்பி என்னிடம் இருந்தது. பட்டியலில் இருக்கும் கணக்கைத் தானாக வாசித்து விடை சொல்லும் சின்ன நிரல் ஒன்றை எழுதினால், ஒருமுறை எல்லாவற்றையும் தட்டிவிட்டு, பிறகு கிழமைக்குக் கிழமை மாறியதை மட்டும் திருத்தினால் போதும் என்று தோன்றியது.

எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, 4+3/2 என்பது கணினிக்குக் கணக்கே இல்லை, வெறும் ஐந்து எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க வேண்டும். இலக்கம் வந்தால் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். குறி வந்தால் அதோடு இலக்கம் முடிந்தது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாளும் என் நிரல் பன்னிரண்டை ஒன்று, இரண்டு என்றே வாசித்தது. பத்து மணிக்குப் போகும் கரண்ட் மத்தியானம் தாண்டித்தான் வரும். ஒருமுறை சேமிக்காமல் இருந்த அரைநாள் வேலை அப்படியே போனது. வழக்கமான கல்குலேட்டர் வேலையும் நிற்கவில்லை. இரண்டையும் இழுத்துக்கொண்டு மூன்று கிழமை ஓடியது.

ஒரு வழியாக எழுதி முடித்தேன். ஓர் இலக்கம், ஒரு குறி, அடுத்த இலக்கம். உடனே கணக்கைப் போடு, வந்த விடையோடு அடுத்த குறிக்குப் போ. கல்குலேட்டரில் பொத்தான் அழுத்துவதைப் போலத்தான். 5+2-1 கொடுத்தேன், ஆறு வந்தது. 12-3 கொடுத்தேன், ஒன்பது வந்தது. 3/2 கொடுத்தேன், ஒன்றரை வந்தது. அதற்கு மேல் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. முடிந்தால் போதும் என்றிருந்தது.

முதல் கிழமை லொறிகள் போய்த் திரும்பியதும் ஸ்டோருக்குப் பொறுப்பான அண்ணை என் மேசைக்கு வந்தார்.

“அரிசி நல்லா மிஞ்சியிருக்குத் தங்கச்சி. உங்கட கம்பியூட்டர் கெட்டிக்காரன்தான்.”

எங்கள் பொறுப்பதிகாரியும் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். “அப்ப இவ்வளவு நாளும் கூடக் குடுத்திருக்கிறம் என்ன?” என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாதக்கணக்காகக் கையால் நான் போட்ட கணக்கை நானே நம்பவில்லை. களைத்துப்போய் எங்கெங்கோ கூட்டிப் போட்டிருப்பேன், இயந்திரம் பிழை விடாது என்று எடுத்துக்கொண்டேன். மிஞ்சிய அரிசி கந்தளாய்ப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்குப் போனது.

நான்காவது திங்கள் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. எத்தனை பங்கு என்று குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்கும் துண்டை மேசையில் வைத்தாள்.

“மிஸ், இதில என்ன எழுதிக் கிடக்கு?”

“ரெண்டரைப் பங்கு அக்கா.”

“நானும் இவரும் ரெண்டு பேர். நாலு வயதில இரட்டைப் பிள்ளையள். இது மூண்டாவது. பக்கத்துக் கொட்டில்ல மூண்டு பெரியாக்கள், பிள்ளை இல்லை. அவைக்கு மூண்டு பங்கு. எனக்கு ரெண்டரை. இது என்ன கணக்கு மிஸ்?”

“கம்பியூட்டர் போட்டது” என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் போகாமல் நின்றாள். பட்டியலில் அவள் வரியைத் தேடினேன். 2+3/2 என்று சரியாகத்தான் இருந்தது. மூன்றில் பாதி ஒன்றரை, இரண்டோடு கூட்டினால் மூன்றரை. துண்டில் இரண்டரை. என் நிரல் முதலில் இரண்டையும் மூன்றையும் கூட்டி, ஐந்தையும் பாதியாக்கியிருந்தது. தாய் தகப்பனுக்கும் அரைப் பங்கு.

அடுத்தடுத்த வரிகளைப் பார்த்தேன். சிறுபிள்ளை இல்லாத வீடெல்லாம் சரி. சிறுபிள்ளை இருந்த ஒவ்வொரு வீடும் பிழை.

“இருங்கோ அக்கா” என்று கதிரையைக் காட்டினேன். “உங்கட கணக்குச் சரி. நான்தான் பிழை விட்டனான்.”

அவள் இருக்கவில்லை. “பஸ் போயிடும்” என்றாள்.

பொறுப்பதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எத்தினை குடும்பம்?”

“இருநூற்றுக்குக் கிட்ட, சேர். மூண்டு கிழமை.”

“மிஞ்சினதையும் அனுப்பிப்போட்டம். இனி அரிசிக் கப்பல் வந்தால்தான்.” கண்ணாடியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். “முதல்ல அதைத் திருத்துங்கோ.”

திருத்துவது ஒரு நாள் வேலைதான். கூட்டல் குறியைக் கண்டவுடன் கூட்டிவிடக் கூடாது. அதை ஒரு பக்கம் காத்திருக்க வைத்து, அடுத்த இலக்கத்துக்குப் பின்னால் வகுத்தல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும். இலக்கங்களுக்கு ஒரு வரிசை, காத்திருக்கும் குறிகளுக்கு ஒரு வரிசை. கொப்பியில் இது இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருந்தேன். இந்த முறை நூறு வரிகளைக் கையாலும் போட்டு ஒப்பிட்டேன்.

வியாழக்கிழமை லொறியோடு அந்தப் பெண் இருந்த முகாமுக்கு நானும் போனேன். “எப்ப தருவமெண்டு வாக்குக் குடுக்காதேங்கோ” என்று சொல்லித்தான் பொறுப்பதிகாரி விட்டார். அது ஒரு பள்ளிக்கூடம். விறாந்தையில் வரிசையாக நின்றவர்களுக்கு நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. “பிள்ளை பெத்தவைக்குத் தண்டனையோ?” என்று ஒருவர் கேட்க, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பெண் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனாள்.

“மிஸ், அரிசி எடுத்துக்கொண்டு வாறது இவர்தான். முதல் கிழமை குறைஞ்ச உடனே நான் இவரைத்தான் சந்தேகப்பட்டனான். வழியில வித்துப்போட்டு வாறார் எண்டு எல்லாருக்கும் முன்னால கத்திப்போட்டன். பிறகுதான் துண்டைக் கொண்டுவந்து எறிஞ்சவர். அதில இருந்து என்னோட கதை பேச்சு இல்லை. நான் ஆக்கினதைச் சாப்பிடுறதும் இல்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ.”

அவர் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். பக்கத்தில் போய், பிழை என்னுடையது என்று முழுவதையும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதை எனக்கு ஏன் சொல்லுறியள்? நான் விக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே” என்றார். பிறகு விறாந்தைப் பக்கம் பார்த்து, “அவளுக்குச் சொல்லியாச்சோ?” என்று கேட்டார்.

“ஓம். அவதான் வந்து பிழையைக் கண்டுபிடிச்சவ.”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டில் பக்கம் போனார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கப்பல் வந்தது. விடுபட்ட பங்கில் பாதியைத்தான் கொடுக்க முடிந்தது. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வேறு முகாம்களுக்கும், தோப்பூர்ப் பக்கத்து உறவினர் வீடுகளுக்கும் போய்விட்டிருந்தன. அந்தப் பெண்ணின் குடும்பமும் அவற்றில் ஒன்று. எங்கே போனார்களென்று பக்கத்துக் கொட்டிலில் கேட்டேன். தெரியாது என்றார்கள். ஐந்து பேரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினார்கள் என்று மட்டும் சொன்னார்கள்.