இரண்டேகால் இஞ்சு

உருக்காலைக்கு மேற்கே ஒரு தெரு, கிழக்கே ஒரு தெரு. இரண்டிலும் ஆலைத் தொழிலாளர்கள்தான். ஒரே சம்பளம், ஒரே கடையில் சாமான், புகைபிடிப்பவர்களும் இரண்டு பக்கமும் உண்டு. காற்று மட்டும் வருடத்தில் பத்து மாதம் மேற்கிலிருந்து அடிக்கும். புகைபோக்கி கக்குவதெல்லாம் கீழத்தெருவின் தலையில் விழும்.

ஆலை வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவளை எல்லோரும் அரையிஞ்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அரை இஞ்சு பிசகினாலும் தைத்ததை முழுக்கப் பிரித்துவிடுவாள். அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. கணவனின் பழைய சட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அதைப் பார்த்து வெட்டித் தைத்துக் கற்றுக்கொண்டாள். நாலாவது சட்டைதான் போட்டுக்கொள்கிறாற்போல் வந்தது.

யார் வந்தாலும், போன மாதம்தான் வந்து போனவராக இருந்தாலும், புதிதாக அளவெடுத்துத் தேதி போட்டு நோட்டில் எழுதுவாள். பழைய அளவே இருக்கட்டும் என்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "உடம்பு உங்களைக் கேட்டுட்டா மாறுது?" திங்கள்கிழமைதோறும் மேசை விளிம்பில் பதித்திருந்த இரும்பு ஸ்கேலில் டேப்பை வைத்துப் பார்ப்பாள். நூலளவு இழுபட்டிருந்தாலும் அங்கேயே இரண்டாக வெட்டிப் போடுவாள். கடையில் பட்டன் தைக்கும் நாத்தனார், அண்ணி கனவிலும் டேப்போடுதான் நடப்பாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கணவன் ஆலையில் கிரேன் ஓட்டினான், வீடு கீழத்தெருவில். கல்யாணத்தின்போது அவன் காலர் பதினைந்தரை. அது குறையத் தொடங்கியபோது அவள் எதுவும் சொல்லாமல் சட்டைகளைப் பிடித்துத் தைத்தாள். வயசானால் இளைப்பது இயல்புதானே என்று நினைத்தாள். அவனும், "சட்டை கச்சிதமா இருக்கே, எனக்கென்ன குறைச்சல்" என்று இருமிக்கொண்டே வேலைக்குப் போனான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நுரையீரலில் பாதிக்குமேல் போயிருந்தது. கடைசியாக அவள் எடுத்த காலர் பதின்மூன்றேகால்.

அவன் போன பிறகு ஒரு நினைப்பு அவளை அரித்தது. சட்டையைத் தொளதொளவென்று விட்டிருந்தால், என்றைக்காவது கண்ணாடியில் பார்த்துப் பயந்திருப்பானே. அவனுக்கு மட்டுமா அப்படிச் செய்தாள்? கீழத்தெரு முழுவதையும் அல்லவா பத்தொன்பது வருடமாகப் பிடித்துப் பிடித்துக் கச்சிதமாக்கியிருந்தாள்!

பதினோரு நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு காலர் அளவை மட்டும் பார்த்தாள். வயிறு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏறி இறங்கும், கழுத்து அப்படியில்லை. கீழத்தெருவில் நாற்பத்து மூன்று ஆண்களுக்குக் காலர் ஒரு இஞ்சுக்கு மேல் இறங்கியிருந்தது. அவர்களில் இருபத்தாறு பேர் உயிரோடு இல்லை. மேலத்தெருவில் ஊர் உலகத்தைப்போல் வயது ஏற ஏறக் கழுத்தும் ஏறியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆலை இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கேட்டது. செத்தவர்களெல்லாம் வேறு எங்கோ நோயை வாங்கி வந்தவர்கள் என்றார்கள். மறுத்துக் காட்ட ஆதாரமில்லை. தெருவில் மருத்துவமனை வந்தே மூன்று வருடம்தான். அரையிஞ்சக்கா நோட்டுகளைத் துணிப்பையில் போட்டு அங்கே இருந்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா நாலு நாள் அதைவிட்டு எழுந்திருக்கவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவற்றை ஆதாரமாக வைத்தார். ஆலையின் வக்கீல் நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். தையல் டேப் நாளாக நாளாக இழுபடும். இழுபட்ட டேப் அளவைக் குறைத்துக் காட்டும். ஆகவே இளைத்தது ஆட்கள் அல்ல, அது டேப்பின் கோளாறு. சொன்னது தொழில்படி சரி. பத்தொன்பது வருட வேலை, கணவனின் அளவு எழுதிய வரிகள் உட்பட, ஒரு டேப்பில் தொங்கியது.

அவள் எழுந்தாள். "டேப் இழுபடும், நெசந்தான் ஐயா. அதைத் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை சரிபார்க்கிறேன். அதைக்கூட நீங்க நம்ப வேண்டாம். ரெண்டு தெருவுக்கும் ஒரே டேப்தான். காலையில மேலத்தெரு, சாயங்காலம் கீழத்தெரு, தேதி போட்டிருக்கு பாருங்க. இழுபட்ட டேப் ஒரு தெருவை இளைக்க வச்சு இன்னொரு தெருவை எப்படிங்க கொழுக்க வைக்கும்?"

கூடம் சிரித்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி சிரிக்கவில்லை, இரண்டு தெருவின் பக்கங்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

ஐந்தாம் வாரம் உத்தரவு வந்தது. இரண்டாவது புகைபோக்கி கிடையாது. இருப்பதற்கு வடிகட்டி போட வேண்டும். கீழத்தெருவில் வீடு வீடாக நுரையீரல் பரிசோதனை, செலவு ஆலையுடையது. நாத்தனார் கடை வாசலில் நின்று அதை உரக்கப் படித்தாள். அண்ணியின் பெயரும் அளவு நோட்டும் அச்சில் வந்திருந்தன. தெருவே கடை முன்னால் நின்றது. கேட்டுக்கொண்டிருந்த அரையிஞ்சக்கா ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்னது, திருப்பிப் படி."

"'இவரது கணவரின் கழுத்தளவு ஏறக்குறைய இரண்டு அங்குலம் குறைந்துள்ளது.'"

"ரெண்டேகால்."

"அண்ணி, ஜெயிச்சாச்சு. இன்னும் என்ன கால் இஞ்சு?"

"அந்தக் கால் இஞ்சுதான் அவரோட கடைசி மூணு மாசம். அதை எப்படி விடச் சொல்றே?"

அன்றைக்கே அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள், நோட்டின் எண்ணும் பக்கமும் குறித்து. பத்து நாளில் திருத்தம் வந்தது, முத்திரையோடு. அதை இரும்பு ஸ்கேலுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். ஒட்டுவதற்கு முன்னால் நான்கு ஓரத்தையும் அளந்து பார்த்தாள்.