மண்டோர் இல்லாத ஈஸ்ட்

ஈஸ்ட் வளர்த்துப் பிழைக்கிறவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் நிம்மதி கிடையாது, வீட்டில் மரியாதை கிடையாது. என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

அப்பாவுக்கு ஒரு விளக்கம்

அப்பா மலேசியாவில் லூனாஸ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பி மேய்ப்பவர். முனைவர் பட்டத்துக்கு அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரியும்போது நுண்குழல்கள் என்கிற மெல்லிய இழைகள் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும், அந்த இழைகளைச் சேர்த்துப் பிடித்து ஒழுங்காக நிறுத்துவது ஒரு புரதம் என்றேன். என் ஈஸ்டில் அந்தப் புரதம் பழுது. குளிரில் வேலை செய்யும், சூடு ஏறினால் கைவிட்டுவிடும். அப்பா யோசித்தார்.

"வெயில் ஏறுனா ஓடிப்போற மண்டோரா? நம்ம தோட்டத்துலயும் ஒருத்தன் இருந்தான்மா."

ஏர்கோன் அண்ணன்

எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளி, சனி விடுமுறை. அந்த இரண்டு நாளும் ஆய்வுக்கூடத்தைக் குளிர வைக்கும் ஏர்கோன் செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாது. சில மணி நேரம் மட்டும் சூடு காட்டிப் படம் எடுக்கவேண்டிய ஈஸ்ட் மொத்தமும் வெந்துபோயிருந்தது. ஆய்வேட்டுக்கு அந்த ஒரு படம்தான் பாக்கி. இந்த மாதத்தோடு உதவித்தொகையும் நின்றுவிடும். அழுதே விட்டேன். பழுதுபார்க்க வந்த அண்ணன் இரக்கப்பட்டார்.

"ஈஸ்ட்தானே தங்கச்சி, கடையில பாக்கெட் பாக்கெட்டா விக்கிதுலா."

அம்மாவின் உதவி

உறைபெட்டியில் மிச்சமிருந்ததை வளர்த்து, ஆய்வுக்கூட அறை சரியாகும்வரை அப்பா அம்மாவின் ஏர்கோன் அறையில் வைத்தேன். பாவம், இருவரும் போர்வைக்குள் நடுங்கினார்கள். ஒருநாள் வெளியே போய்விட்டு மத்தியானம் திரும்பினால் குடுவையைக் காணோம். சமையலறையில் ரைஸ் குக்கர் மேல் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆப்ப மாவுக்கு அம்மா செய்யும் அதே உபசாரம். ஐயோ, இது குளிரில் இருக்கவேண்டியது என்று கத்தினேன்.

"குளிர்ல எப்படிமா பொங்கும்? இவ்வளவு படிச்சிருக்க, இது தெரியல."

கடைசிப் படம்

குடுவையைத் தொட்டுப் பார்த்தேன். இதமான சூடு. எனக்கு வேண்டியதும் அதே சில மணி நேரச் சூடுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அப்பாவைக் காரில் ஏற்றி, குடுவையை அவர் மடியில் வைத்து, கண்ணாடிகளை மூடி, ஏர்கோனை அணைத்து ஆய்வுக்கூடத்துக்கு ஓட்டினேன். அவர் வேர்வையில் குளித்தார். நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிர்ந்த இழைகள் திசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. அத்தனை அழகான குளறுபடியை நான் பார்த்ததே இல்லை. படம் எடுத்துவிட்டு அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மண்டோர் லீவு போட்டா இப்படித்தாம்மா."

ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் நன்றியுரையில் பேராசிரியருக்கு முன்னால் நிற்பது எங்கள் வீட்டு ரைஸ் குக்கர்.