சட்டையில் குத்திய கசகசாப் பூ

ஆந்திரா தனி மாநிலமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்கு டீச்சராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அண்ணனும் அதே பஸ்ஸில்தான் வருவான். அவனுக்குப் புத்தூர் ரைஸ் மில்லில் வேலை.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைப் பார்ப்பார்கள். ஆந்திராவுக்காக உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட பெரியவருக்காகத் தெலுங்குக்காரர்கள் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டார்கள். புத்தூரும் நகரியும் திருத்தணியும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடிச் செத்தவர்களுக்காகத் தமிழ்க்காரர்களும் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டார்கள். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே கடையில் வாங்கியது. யாருடைய ரிப்பன் என்று வாயைத் திறந்தால்தான் தெரியும். திறந்தால் சண்டை. ஒருநாள் பள்ளிக்கூட வாசலிலேயே இரண்டு பெற்றோர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று மத்தியானமே எங்கள் ஹெட்மாஸ்டர் உத்தரவு போட்டுவிட்டார்: வாத்தியார் யாரும், எதற்காகவும், சட்டையில் ஒன்றும் குத்திக்கொண்டு வரக்கூடாது.

அண்ணன் மட்டும் மில்லுக்கு ரிப்பனோடுதான் போவான். எல்லைக் கமிட்டிக் கூட்டம் எங்கே நடந்தாலும் போய் நிற்பான். அவன் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுதான் நியாயம் என்று பட்டிருந்தது.

நவம்பர் பதினொன்றாம் தேதி காலையில் எங்கள் டிரில் மாஸ்டர் சட்டைப் பைக்கு மேலே ஒரு சிவப்புப் பூவோடு வந்தார்.

துணிப் பூ அது. வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், கீழே கம்பிக் காம்பு. டிரில் மாஸ்டர் எங்கள் பக்கத்துத் தமிழர். யுத்த காலத்தில் பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்து பர்மா வரைக்கும் போய் வந்தவர். அதிகம் பேசமாட்டார். விசில்தான் பேசும்.

ஆசிரியர் அறையில் தமிழ்ப் புலவரும் தெலுங்குப் பண்டிதரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள். அன்றைக்கு இருவரும் ஒரே கட்சி.

"இது கசகசாப் பூ அல்லவா?" என்றார் புலவர். "பாயசத்துக்குப் போடுவதைச் சட்டையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீரே. யுத்தத்தில் செத்த தன் ஆட்களுக்காக வெள்ளைக்காரன் வைத்த பூ. நமக்கு எதற்கு?"

"நம்ம பெரியவரு சோறு தண்ணியில்லாம செத்தாரு. அவருக்கு ரிப்பன் குத்தக்கூடாதுன்னு ரூலு. தொரைங்க பூவுக்கு மட்டும் ரூலு இல்லியா?" என்றார் பண்டிதர்.

டிரில் மாஸ்டர் புலவரைப் பார்த்துச் சொன்னார்: "இது துரைங்களுக்கு இல்ல சார். என்கூட இருந்த ஒருத்தனுக்கு."

ஹெட்மாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "மாஸ்டர், எடுத்துடுங்க. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்."

"நீங்க சொல்றது சரிதான் சார். ரூலை நான் தப்பு சொல்லல. எனக்கு அரை நாள் லீவு குடுத்துடுங்க." நின்றபடியே லீவு லெட்டர் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். பூவை எடுக்கவில்லை. வீம்பு பிடித்த மனிதர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பத்து மணி சுமாருக்கு ஒரு அம்மா பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நெற்றியில் பொட்டில்லை. கையில் ஒரு துணிப் பை. தெலுங்கு தவிர வேறு பேச்சில்லை. டிரில் மாஸ்டரைக் கேட்டார். காளஹஸ்திப் பக்கத்திலிருந்து வருகிறாராம். ரேணிகுண்டாவில் வண்டி மாறும்போது எப்போதும் ஏறுவதற்கு முந்தின வண்டியே கிடைத்துவிட்டதாம். ஸ்டேஷனில் அவரைக் காணாமல் விசாரித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

ஹெட்மாஸ்டருக்குச் சட்டென்று ஏதோ புரிந்தது போலிருந்தது. "டீச்சரம்மா, அவரு ஸ்டேஷன்லதான் காத்துக்கினு இருப்பாரு. நீங்களே கூட்டிக்கினு போய் விட்டுட்டு வாங்க. கிளாஸைப் புலவர் பாத்துக்குவாரு" என்றார்.

வழியில் நான்தான் பேச்சுக் கொடுத்தேன். டிரில் மாஸ்டர் சொந்தக்காரரா என்று தெலுங்கில் கேட்டேன்.

"இல்லம்மா. என் வூட்டுக்காரரும் அவரும் ஒரே பட்டாளம். பர்மாவுல ஒரு ஆத்தைத் தாண்டும்போது என் வூட்டுக்காரருக்குக் குண்டு பட்டுது. இவரு மடியிலதான் உயிரு போச்சாம். பட்டாளத்துக்காரங்க செத்தவங்களை நெனைக்கற இந்த நாள்ல வருஷா வருஷம் வருவேன். பதினோரு மணிக்கு ரெண்டு நிமிஷம் நிப்போம். அப்புறம் அவரைப் பத்தி எனக்குத் தெரியாத ஒண்ணு இவரு சொல்லுவாரு. இவரு சம்சாரம் சமைச்சி வெச்சிருப்பாங்க. துன்னுட்டு சாயந்திர வண்டிக்குத் திரும்பிடுவேன்."

"நீங்களும் அந்தப் பூவைக் குத்திக்குவீங்களா?"

அந்த அம்மா நடையை நிறுத்திவிட்டார். "ஒத்தம்மா. எனக்கு வேணாம். அதைப் பாத்தாலே எனக்கு ஆவாது. குண்டு பட்டது இந்த இடத்துலதான்னு இவரு சொல்லியிருக்காரு." தன் இடது மார்பைத் தொட்டுக் காட்டினார். "அதே இடத்துல செவப்பா ஒண்ணைக் குத்திக்கினு நிக்கறாரு. பூவுன்னு சொல்றாரு. எனக்குப் பூவாத் தெரியல. என் வூட்டுக்காரரு ராஜாவுக்காகவும் போவல. மழையில்ல, காடு காஞ்சி போச்சி, பட்டாளத்துக்குப் போனாரு. இதெல்லாம் இவருகிட்டயும் சொல்லியிருக்கேன்."

"அப்பயும் குத்திக்கறாரா?"

"இவரு குத்திக்கறாரு. நான் குத்திக்கல. ரெண்டு பேரும் நிக்கறோம்."

பிடிக்காத ஒன்றைச் சட்டையில் வைத்திருப்பவரோடு நிற்பதற்கு இத்தனை தூரம் வண்டி மாறி வருகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஊரில் ரிப்பன் வேறென்றால் எதிரே வந்தாலே ஒதுங்கிப்போவார்கள்.

ஸ்டேஷனில் வழக்கமான கூட்டம். புத்தூர் கட்டு கட்டிக்கொள்ள வந்தவர்களும், கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களும், மூங்கில் பட்டை வைத்துக் கட்டிய கையும் காலுமாகப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிளாட்பாரத்துக் கோடியில் வேப்ப மரத்தடியில் டிரில் மாஸ்டர் நின்றிருந்தார். அந்த அம்மாவைப் பார்த்ததும் கும்பிட்டார்.

திரும்பிப் போகலாம் என்று பார்த்தபோது என் அண்ணனைக் கண்டேன். நாலைந்து பேர் கூட இருந்தார்கள். எல்லார் சட்டையிலும் ரிப்பன். சென்னை வண்டியில் வரும் கமிட்டிக்காரர் ஒருவருக்கு மாலை போட வந்திருந்தார்கள். அண்ணன் என்னைக் கவனிக்கவில்லை. அவன் கண் டிரில் மாஸ்டரின் பூவில் இருந்தது.

நேராக அவர் முன்னால் போய் நின்றான். "இன்னா மாஸ்டர் இது? வெள்ளைக்காரன் போயி ஏழு வருஷம் ஆச்சி. இன்னும் அவன் பூவைக் குத்திக்கினு நிக்கிறியே. நீ தமிழன்தானே? இங்க நம்ம ஆளுங்க எல்லைக்காகச் செத்துக்கினு இருக்காங்க. அவங்களுக்கு ஒரு துண்டு ரிப்பன் குத்தினியா?"

டிரில் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணன் பேச்சோடு விட்டிருப்பான். அந்த மௌனம் அவனைக் கிளப்பிவிட்டது. கையை நீட்டிப் பூவைப் பிடுங்கிக் கீழே போட்டான்.

என் அண்ணன் என்று யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று தூண் மறைவில் ஒதுங்கினேன். இதை எழுதும்போதும் அந்த ஒதுங்கல்தான் என்னைக் குத்துகிறது. டிரில் மாஸ்டரின் கை முஷ்டியாக இறுகிற்று. பிறகு விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அவர் குனியவில்லை. அடிக்கவும் இல்லை.

அந்த அம்மாதான் குனிந்தார்.

பூவை மெல்ல எடுத்து, மண்ணை ஊதி, முந்தானையால் துடைத்தார். எதைப் பார்த்தாலே ஆகாது என்று சொன்னாரோ அது அவர் உள்ளங்கையில் இருந்தது. ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு டிரில் மாஸ்டர் முன்னால் போய், அவருடைய சட்டையில், அதே இடத்தில், தன் கையாலேயே குத்திவிட்டார். கம்பி சட்டென்று ஏறவில்லை. இரண்டு தடவை எடுத்துக் குத்தினார். டிரில் மாஸ்டர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா திரும்பி அண்ணனிடம் வந்தார். "நாக்கு இஷ்டம் லேது" என்றார். "எனக்கு இது புடிக்காது. செத்தவரு என் புருஷன். எனக்கே புடிக்காதது. அப்பயும் நான் இவருகிட்டேர்ந்து எடுக்கல. நீ யாரு எடுக்கறதுக்கு?"

அண்ணனுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும்.

"உன் சட்டையில இருக்கறது யாருக்கு?"

"எல்லைக்காகச் செத்தவங்களுக்கு."

"நீ அவங்களைப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"பாக்காதவங்களுக்கே குத்திக்கினு இருக்கியே, நல்ல மனசுதான் உனக்கு. அப்போ மடியில போட்டுக்கினு பாத்தவருக்கு எப்படி இருக்கும்?" குரல் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார். "உன்னுதை நான் தொட மாட்டேன்பா. மணி ஆவுது. நிக்கறதுன்னா நீயும் உன் ஆளுங்களுக்காக நில்லு."

ஸ்டேஷன் கடிகாரத்தில் பதினொன்று. டிரில் மாஸ்டர் காலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, பக்கத்தில் நின்றார். அண்ணன் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். தோளில் மாட்டியிருந்த மாலையைக் கையில் எடுத்துக்கொண்டான். அவன் சிநேகிதர்கள் அவனைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். போர்ட்டர் ஒருவர் தலைச்சுமையை இறக்கி வைத்தார். காலில் கட்டுப் போட்ட ஒரு விவசாயி, எதற்கு என்று கேட்காமலே, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்து நின்றார்.

நான் தூணை விட்டு வெளியே வந்தேன். எனக்கென்று நினைக்க ஒரு சாவும் இல்லாத வயது. கண்ணை மூடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். பூ வைத்தவர், பூ வேண்டாதவர், ரிப்பன் வைத்தவன், ஒன்றும் வைக்காத போர்ட்டர். அத்தனை பேர் நின்ற பிளாட்பாரத்தில் வேப்பிலை உதிர்கிற சத்தம் கேட்டது. கோயிலில் திரை விலகும்போது உடம்பில் ஒன்று ஓடுமே, அது ஓடியது எனக்கு. திருமலையில் எத்தனையோ தடவை கூட்டத்தோடு நின்றிருக்கிறேன். இப்படி ஆனதில்லை.

நேரம் ஆனதும் டிரில் மாஸ்டர் மூச்சு விட்டார். அந்த அம்மா, ஒன்றுமே நடக்காதது போல, "ஊம், இந்த வருஷம் இன்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

டிரில் மாஸ்டர் தெலுங்கில் சொன்னார். பர்மாவில் ஒரு கிராமத்தில் ரோந்து போனபோது அந்த அம்மாவின் புருஷன் திடீரென்று காணாமல் போய்விட்டாராம். எதிரி பிடித்துவிட்டான் என்று எல்லாரும் தேடினார்களாம். கடைசியில் ஒரு வேலி மறைவிலிருந்து, தொப்பி நிறையப் புளிச்சகீரையோடு வந்தாராம். "கோங்கூரடா! இங்கயும் கோங்கூர இருக்குதுடா!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாராம். அதிகாரி தண்டனை கொடுத்தாராம். தண்டனை முடிந்து வந்து, இருந்த உப்பையும் மிளகாயையும் போட்டுக் கடைந்து பத்துப் பேருக்குப் போட்டாராம்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கிற்று. "அவருதான், அவரேதான்" என்றார்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டில் சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தான். "பர்மாவுல புளிச்சகீரை மொளைக்குமா?"

"மொளைக்குமாம்" என்றேன்.

"நீயும் அங்க இருந்தியா?"

"தூணு பின்னால இருந்தேன்."

அடுத்த வாரம் அண்ணன் மில்லிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து, கிரவுண்டில் டிரில் மாஸ்டரைப் பார்த்து ஏதோ பேசிவிட்டுப் போனான். என்ன பேசினான் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. ஆனால் அவன் கட்சி மாறவில்லை. ரிப்பனையும் எடுக்கவில்லை. எல்லைக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான்.

டிசம்பரில் உண்ணாவிரதப் பெரியவரின் நினைவு நாள் வந்தது. ஹெட்மாஸ்டர் புது உத்தரவு ஏதும் போடவில்லை, பழையதை ஞாபகப்படுத்தவும் இல்லை. பண்டிதர் ரிப்பன் குத்திக்கொண்டு வந்தார். என் மேசைக்கு வந்து ஒன்றை நீட்டினார். உயிரைக் கொடுத்த ஒரு மனிதரை மறுக்கிறோமோ என்று மனசு உறுத்தியது. ஆனாலும் பிறர் பார்ப்பதற்காகக் குத்திக்கொள்ள மனம் வரவில்லை.

"எனக்கு வேணாம் சார். நெனைச்சிக்கறேன்" என்றேன்.

முன்பென்றால் அரைமணி நேரம் வாதாடியிருப்பார். "சரிம்மா" என்று பெட்டியில் திரும்ப வைத்தார். எதிரே இருந்த புலவர் பண்டிதருடைய காப்பியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சில வருஷம் கழித்து எல்லை முடிவாயிற்று. திருத்தணி அந்தப் பக்கம் போனது. புத்தூரும் நாங்களும் ஆந்திராவிலேயே நின்றோம். சேதி வந்த அன்று அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அழுதானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, ரிப்பனோடு, மில்லுக்குக் கிளம்பினான். வீட்டில் யாரும் அவனை எடுக்கச் சொல்லவில்லை.