பிரேக்கில் கோலீனின் கால்

சாப்பாட்டு மேஜையில் வெர்ன் நீமி முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி விளிம்பில் ஒரு தொடை, தரையில் ஊன்றிய ஒரு கால். எந்த நேரமும் கிளம்பிவிடுகிற ஆள் மாதிரிதான் இருப்பான். ப்யூட் நகரத்துத் தாமிரச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷமாகப் பம்ப் மெக்கானிக். பம்ப் நின்றால் குழியில் தண்ணீர் ஏறும் என்பதால் வேலை நேரம் முழுக்கக் காது சத்தத்திலேயே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காது அடங்காது. ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓய்ந்தால்கூடப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வருவான்.

"உக்காரு வெர்ன், அது ஐஸ் பெட்டி. ஓடும், நிக்கும், மறுபடி ஓடும்" என்பாள் மனைவி கோலீன்.

ஆனால் அந்த அக்டோபரில் அவன் அலைந்ததற்குக் காரணம் வேறு.

கோலீன் நர்ஸ். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒயிட்ஹாலில் உள்ள முதியோர் இல்லத்தில் பதினேழு வருஷ வேலை. ப்யூட்டிலிருந்து ஹோம்ஸ்டேக் கணவாய் ஏறி இறங்கினால் அரைமணி நேரம். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை காலை, கிழக்கு இறக்கத்தில் அவளுக்கு முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே பிரேக்கை மிதித்தபடி போனாள். பாதி இறக்கத்தில் பெடல் மெத்தென்று தரை வரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தாள். மறுபடியும் தரை. கியரை ரெண்டுக்குக் கொண்டுவந்து, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சாலையோரச் சரளையில் வண்டியை ஏற்றி நிறுத்தினாள். அங்கிருந்து போனில் பேசியபோது அவள் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் பேசுகிற குரல் அது.

வெர்ன் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் ஆறியிருந்தது. அவன் மிதித்துப் பார்த்தபோது பெடல் கல் மாதிரி நின்றது.

"பாரு, பிடிக்குதே" என்றான்.

சொல்லியிருக்கக் கூடாது. கோலீன் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப எனக்குத்தான் கிறுக்கா?"

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. கூட வேலை பார்க்கும் பெர்னிஸ் தினமும் வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போனாள். பெர்னிஸ் நாற்பது மைலுக்கு மேல் போகமாட்டாள், வழி முழுக்கத் தன் மூட்டுவலியைப் பற்றியே பேசுவாள். ஆனால் அவளும் அக்டோபர் பதினேழாம் தேதியோடு ஓய்வு பெறுகிறாள். பதினெட்டும் பத்தொன்பதும் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை கோலீன் தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும், இல்லையென்றால் வேலையை விடவேண்டும். வேலையை விடுவது பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள், அதுவும் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல்.

கார் நின்ற மறுநாளே வெர்ன் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினான். உள்ளே நேற்றைய காபி மாதிரி கருப்பாக இருந்தது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். குடித்த ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியாகும், ஆவி அழுந்துமே தவிரப் பிரேக்கைப் பிடிக்காது. ஆறியபின் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியாகவேண்டும். வெர்ன் ஒன்பது வருஷமாக மாற்றவில்லை. சுரங்கத்துப் பம்ப் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் மாற்றிய தேதியைப் பலகையில் எழுதி வைக்கிறவன், சொந்த வீட்டு வண்டியில் மறந்திருந்தான். கருப்பு ஆயிலை ஊறுகாய் ஜாடி ஒன்றில் வடித்து, ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்தான். கோலீனிடம் சொல்லவில்லை.

பழைய கார் உடைக்கும் யார்டு வைத்திருக்கும் ஹார்லன் பெனலூனா அவனுக்கு வேறு வழி காட்டினான். அங்கே வெர்ன் போனது வேறு ஏதோ சாமானுக்கு.

"உன் வண்டி பிரேக் ஊருக்குள்ள ஓட்டத்தாம்ப்பா போதும், கணவாய்க்குப் பத்தாது" என்றான் ஹார்லன். "அதே கம்பெனியோட டர்போ மாடல் ஒண்ணு கிடக்கு. பின்பக்கம் மரத்துல சாத்திட்டான். முன்பக்கம் பூ மாதிரி இருக்கு. பெரிய டிஸ்க்கு, ஒரு பக்கத்துக்கு நாலு பிஸ்டன். போல்ட்டு ஓட்டைகூட ஒண்ணுதான், அப்படியே போய் உக்காந்துக்கும்."

"சக்கரம்?"

"உன் சக்கரம் உள்ள இடிக்கும். அதோடதையே கழட்டிக்கோ. உன் பொண்டாட்டி ஓட்டுற வண்டிதானே? நல்லதாவே போடு."

அன்று மாலை வெர்ன் வீட்டில் அறிவித்தான்: "வண்டிக்குப் பிரேக் சின்னது, கோலீன். பெருசா மாத்திடறேன்." பொய் என்று சொல்ல முடியாது. பெரிய பிரேக் சூட்டைத் தாங்கும். ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் அவனுக்குத் தூக்கம் சுத்தமாகப் போயிற்று.

டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்வியைத்தான் காலிப்பர் என்பார்கள். ஹார்லன் இரண்டையும் ஒரு வாளியில் போட்டுக் கொடுத்திருந்தான். எது இடது, எது வலது என்று மஞ்சள் மெழுகுக் கட்டியால் மேலே எழுதியும் கொடுத்திருந்தான். வெர்ன் மூன்று மாலை அவற்றைக் கழுவினான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான், பிஸ்டன்களை வெளியே எடுத்து ரப்பர் சீல் எல்லாம் புதிதாக மாற்றினான், மூலை முடுக்கில் டூத்பிரஷ் விட்டுக் குடைந்தான்.

"அது என் டூத்பிரஷ் இல்லையே?" என்றாள் கோலீன், ஷெட் வாசலில் நின்று.

"பழசு."

"எது பழசுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. சரி, விடு. உன் மூஞ்சியைக்கூட நீ இவ்வளவு கழுவினதில்ல."

கழுவி முடித்து, கருப்புப் பெயின்ட் அடித்து, காகிதம் விரித்து அடுக்கி வைத்தான். புதுச்சாமான் மாதிரி மின்னின. ஹார்லனின் மஞ்சள் எழுத்து மண்ணெண்ணெயோடு போயிருந்தது.

சனிக்கிழமை காலை மாட்டினான். பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் புதியது, சாசர் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்தது. அதற்கு இடம் வேண்டி, பின்னாலிருந்த தகரத் தகட்டின் ஓரத்தை வெட்டினான். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியபின் பெயின்ட் புள்ளி வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளி வைத்த போல்ட்டை மறுபடி முறுக்கிப் பார்த்தான். பிரேக் ரப்பர் குழாய் மட்டும் இரண்டு பக்கமும் ஒரு மாதிரி வளைந்து மேலே ஏறிப் போயிற்று. அதைக் கவனித்தான். வேறு நாளாக இருந்தால் அங்கேயே நிறுத்தி யோசித்திருப்பான். அன்று கை கண்ணைவிட வேகமாக இருந்தது.

மிச்சம் குழாயிலிருந்து காற்றை எடுக்கிற வேலை. அந்த ஊரில் அது புருஷன் பெண்டாட்டி வேலை. டிரைவர் சீட்டில் மனைவி கோட்டைப் போர்த்திக்கொண்டு பெடலை மிதிப்பாள். சக்கரத்தடியில் புருஷன் காலிப்பரில் காற்று வெளியேறும் சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவான். பாதிக் குடும்பச் சண்டைகள் அப்படித்தான் ஆரம்பிக்கும். வெர்ன் அவளைக் கூப்பிடவில்லை. பாட்டிலும் ஒருவழிக் குழாயும் வைத்துத் தனியாகவே எடுத்தான். சுத்தமான ஆயில் வந்தது, ஒரு குமிழிகூட இல்லை. உள்ளே ஏறிப் பெடலை மிதித்தான். பஞ்சு.

மறுபடி நான்கு சக்கரமும் சுற்றினான். பஞ்சு. இன்னொரு டப்பா ஆயில் வாங்கிவந்து மூன்றாம் சுற்று. குமிழி இல்லை, பஞ்சு மட்டும் இருந்தது. மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டியைக் கடித்தபடி காரை வலம் வந்தான். அது ஆறிப்போன பிறகும் கையிலேயே இருந்தது.

ஞாயிறு காலை வேறு வழியில்லாமல் கூப்பிட்டான். கோலீன் நைட்டி மேல் கோட்டும் பனிக்காலப் பூட்ஸுமாக வந்து சீட்டில் ஏறினாள். வெளியே முதல் பனி தூறிக்கொண்டிருந்தது.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு."

"பிடிச்சுக்கோ. விடாதே. சரி, விடு."

"எது? பிடிக்கவா, விடவா?"

"நான் சொன்னா மட்டும் விடு."

"நீ ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்ற வெர்ன்."

ஆறாவது தடவை மிதித்தவள் காலை அப்படியே வைத்திருந்தாள். கீழே இருந்து அவன் இரண்டு தடவை கூப்பிட்டான்.

"இதுதான்" என்றாள் கோலீன்.

"எது?"

"அன்னைக்கு என் காலுக்குக் கீழே இருந்தது. இதேதான். மெத்துன்னு போகுது."

கதவைத் திறந்து இறங்கினாள். வெர்னுக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் குத்தவைத்து, விளக்கைத் தன் கையில் வாங்கிச் சக்கரத்துக்குள் பார்த்தாள். வேலை இடத்தில் கட்டுப் பிரித்துப் புண் பார்க்கிற அதே பார்வை.

"ஆயில் எந்த வழியா உள்ள வருது?"

"மேல, அந்தக் குழாய்ல."

"நீ திறக்கிற நிப்பிள் எங்க இருக்கு?"

"இதோ, கீழ..." என்றவன் நிறுத்தினான்.

"நாங்க ஊசியில மருந்து ஏத்துனா முனையை மேல பாத்துப் பிடிச்சுத்தான் காத்தைத் தள்ளுவோம்" என்றாள் கோலீன். "கவுத்துப் பிடிச்சா மருந்துதான் ஒழுகும். காத்து மேலயே உக்காந்திருக்கும். நீ ஏன் கீழ வச்சிருக்க?"

வெர்ன் நிப்பிளைப் பார்த்தான். வளைந்து மேலே ஏறிய குழாயைப் பார்த்தான். வாளியில் மஞ்சளாக இருந்த இரண்டு எழுத்துகள் நினைவுக்கு வந்தன. இடதை வலதில் மாட்டியிருக்கிறான், வலதை இடதில். அப்படியே சிமென்டில் உட்கார்ந்துவிட்டான், இரண்டு தொடையும் தரையில் படும்படி.

"இருபத்தாறு வருஷம்" என்றான்.

"பம்ப்புல காத்து எடுக்கிறவன்" என்று முடித்தாள் கோலீன். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "சுரங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா?"

கழற்றி மாற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம் பிடித்தது. குழாய்கள் இழுபடாமல் தம் போக்கில் தொங்கின. நிப்பிள்கள் வானத்தைப் பார்த்தன. திரும்ப மிதிக்கச் சொல்லித் திறந்தபோது மீன்தொட்டியில் வருவது போலக் கொழுத்த குமிழிகள் பாட்டிலுக்குள் வந்தன. பிறகு சின்னது, பிறகு ஒன்றுமில்லை. பெடல் மேலேயே நின்றது. கோலீன் இரண்டு காலாலும் மிதித்துப் பார்த்தாள்.

"அப்ப அன்னைக்கும் காத்துதானா?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். சின்ன பிரேக், சூடு என்று சொல்லி வெர்ன் தப்பித்திருக்கலாம். ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். பிறகு எழுந்துபோய்ப் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு ஜாடியை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தான்.

"இது உன் வண்டியில இருந்தது. ஒம்பது வருஷமா மாத்தல. அதான் கொதிச்சுது. பிரேக் சின்னதுங்கிறதெல்லாம் ரெண்டாம்பட்சம்."

அவள் ஜாடியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

"மூணு வாரம்." குரல் மறுபடி அந்த அமைதிக்குப் போய்விட்டது. "மூணு வாரமா நான் என் காலையே சந்தேகப்பட்டுட்டு இருக்கேன். நான்தான் பயந்துபோய் மாத்தி மிதிச்சுட்டேனோன்னு பெர்னிஸ்கிட்டகூடச் சொன்னேன். நீ டூத்பிரஷ் வச்சுத் தேச்சுட்டு இருந்திருக்க."

ஜாடியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவி எங்க?"

"நான் முதல்ல ஓட்டிப் பாத்துட்டு..."

"நீ பக்கத்துல உக்காரு."

டிஸ்க்கை உரசிப் பிடிக்கிற புதுப் பேடுகள் அதோடு பழகவேண்டும். பனி விட்டு, தெரு காய்ந்ததும், விமான நிலையத்துச் சமவெளிச் சாலையில் அறுபது மைல் வேகத்துக்குப் போய், முழுக்க நிறுத்தாமல் பத்துக்குக் குறைத்து, மறுபடி அறுபது. அப்படிப் பத்து தடவை. கருகின வாடை வந்தது. "வரும், அது வரணும்" என்றான் வெர்ன். பத்து முடிந்ததும் அவள் கேட்காமலே கணவாய்ப் பக்கம் திருப்பினாள்.

உச்சி தாண்டி கிழக்கு இறக்கம் வந்தபோது வெர்னின் வலது கால் தரைவிரிப்பை அழுத்தத் தொடங்கியது.

"அந்தப் பக்கம் பெடல் இல்ல" என்றாள் கோலீன், சாலையிலிருந்து கண் எடுக்காமல்.

சரளை இடம் வந்தது. பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, ஒரே மிதியாக மிதித்தாள். காரின் மூக்கு குனிந்தது, சீட் பெல்ட் வெர்னின் நெஞ்சில் பதிந்தது, வண்டி நின்றது. பைன் மரங்களுக்கு நடுவில் இன்ஜின் சத்தம் மட்டும். கோலீன் காலை எடுக்கவில்லை.

"பாரு, பிடிக்குதே" என்றாள்.

அவன் தலைகுனிந்தான்.

"நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றாள். "அது வேற. நீ மறைச்சது வேற."

வீட்டுக்கு வந்ததும் தன் பையிலிருந்து வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்தாள். நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பையில் ஒட்டுகிற தாள் அது. அதில் அன்றைய தேதி, ரெண்டு வருஷம் கழித்து மாற்றவேண்டிய தேதி இரண்டையும் எழுதி, ஆயில் டப்பாவின் மேல் ஒட்டினாள். "எங்க வேலையில யார் மாத்தினதுன்னு கையெழுத்து வேணும்" என்று பேனாவை நீட்டினாள். வெர்ன் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை ஏழேகாலுக்குச் சுரங்கத்தில் பம்ப் ஒன்றின் பக்கத்தில் நின்று கடிகாரத்தையே பார்த்தான். இப்போது உச்சி. இப்போது சரளை. பம்ப் சத்தம் மாறியதுகூட அவன் காதில் விழவில்லை. பக்கத்து ஆள் தோளில் தட்டினான். ஏழே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது. "வந்துட்டேன். லாரி இருந்தது." அவ்வளவுதான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது சமையலறை ஜன்னலில், அவளுடைய செடித்தொட்டிகளுக்கு நடுவில், மூடி இறுக்கிய ஊறுகாய் ஜாடி இருந்தது. வெயில் பட்டு உள்ளே கருப்பு, ஓரத்தில் பழுப்பு. ஃப்ரிட்ஜைத் தட்ட எழுந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அவன் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அதை எடுத்துவிடு என்று சொல்ல அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.