அக்கரை லயத்துக்கு இன்னொரு ரப்பர் கொட்டை

ஈப்போவில் சவரிமுத்து காலமானான் என்று கடைக்குப் போன் வந்தபோது எனக்கு அது செய்தியாகவே படவில்லை. காலையில் என் லாரி ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோதே ஏதோ நடக்கப் போகிறது என்று சொன்னவன் நான். அவன் கல்லூரியில் கணக்கு வாத்தியாராவான் என்பதையும், எங்கள் தோட்டத்துக் கிளினிக் எங்கே நிற்கும் என்பதையும்கூட முன்கூட்டியே சொன்னவன் நான்தான். 'அவன்' என்று எழுதுவதற்கு அவனைத் தெரிந்தவர்கள் கோபிக்கக் கூடாது. எனக்கு அவன் தம்பி மாதிரி.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். தொழிலாளர் சங்கம் கூடிப் பேசியது. ஏழெட்டு லயங்கள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகள், கிளினிக் கேட்டன. கட்ட முடிந்ததோ இரண்டுதான். என் மனைவி பார்வதிக்கு மூச்சிழுப்பு. நாங்கள் இருந்தது ஆற்றுக்கு அப்பால், அக்கரை லயத்தில். இரண்டுமே இக்கரையில் வந்துவிட்டால் அவளால் போய்ச் சேர முடியாது.

இடம் பார்க்கச் சவரியைக் கூப்பிட்டோம். சங்க மண்டபத் தரையில் தோட்டத்தைச் சாக்பீஸால் வரைந்தான். ஒவ்வொரு வீட்டையும் ஏதாவது ஒரு கிளினிக் கவனித்தே ஆகவேண்டும் என்ற விதியை முதல் வேலையாகத் தளர்த்தினான்.

"விதியத் தளர்த்திட்டா நானும் போடுவேன்லா! மூணாவது வரைக்கும் படிச்சவன்டா," என்றேன்.

"தளர்த்துறது வேற, கைவிடுறது வேறண்ணே. விடுபட்ட வீட்டுக்கு வெல ஏத்தணும்."

விடுபட்ட வீட்டின்மேல் ஒரு ரப்பர் கொட்டை வைப்பான். கொட்டை கூடக்கூட, அடுத்த சுற்றில் அந்த வீட்டை விடுவது கணக்குக்கு நஷ்டம். இரண்டு இடங்கள் போட்டி போடும் வீட்டின்மேலிருந்து ஒரு கொட்டையை எடுத்துவிடுவான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து கணக்கு.

பார்வதி எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்டு மேல எவ்ளோ குவிஞ்சிருக்கு தம்பி!"

"இன்னும் யாரும் உங்கள எடுக்கலக்கா."

"கல்யாணத்துக்குக் காத்திருந்தப்பவும் இப்படித்தான். கடைசியில லாரிக்காரர் ஒருத்தர்தான் வந்தாரு."

மண்டபமே சிரித்தது. சவரி சிரித்துக்கொண்டே இன்னொரு கொட்டை வைத்தான்.

பொழுது சாயும்போது ஒரு கிளினிக் ஆபீஸ் பக்கமும், மற்றது அக்கரை ஆற்றோரத்துப் பழைய ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையிலும் வந்து நின்றன. சங்கச் செயலாளர் முறைத்தார். "அங்க எதுக்குலா? கடைத்தெருவுல போடு."

"கடைத்தெரு ஆளுக்குக் கொஞ்சம் தூரம் கூடும். அக்கரை ஆளு வந்தே சேர மாட்டாங்க. இதவிட நல்ல எடம் இருந்தாலும் மயிரிழைதான் கூடும்னு கணக்கே சொல்லுதுண்ணே," என்றான் சவரி.

திறப்பு விழா மேடையில், "இதுக்கெல்லாம் எங்க அண்ணன்தான் காரணம்," என்று அவன் என்னைக் காட்டியபோது எழுந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

எத்தனையோ மழைக்காலங்களைப் பார்வதி அந்தக் கொட்டகையால்தான் தாண்டினாள். சவரி போன செய்தி கேட்டதிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. அந்த மேடை வரியை நான் எழுதும்போது மட்டும் எட்டிப் பார்த்து, "மேடையா? எந்த மேட?" என்றாள்.

சரி, மேடை நான் சேர்த்தது. விழா நடந்தபோது அவன் அந்தப் பக்கமே வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்று, "வாங்கக்கா, நடந்து பாப்போம்," என்று பார்வதியைக் கொட்டகைவரை கூட்டிப் போனான். அவள் மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் அவனும் பேசாமல் நின்றான். அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நடைதான். அதில் நான் எதையும் சேர்க்கவில்லை.